வெற்றிலை வாயோடு துரை முன்னால்

என் தங்கை பவளம் கள்ளச்சாராயக் கும்பலுக்குத் தலைவியாகிவிட்டாள் என்று கோத்தகிரி சந்தையில் கீரை விற்கிறவள் சொன்னபோது என் கையில் இருந்த முட்டைக்கோஸ் விழுந்து உருண்டு ஓடியது. பவளம் இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறாள். காலமெல்லாம் கொழுந்து பறித்தவள். கோழி அறுப்பதைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவளா? பிறகுதான் விவரம் புரிந்தது. நிஜத்தில் இல்லை, சினிமாவில். படம் இன்னும் முடியவில்லை, ஒரு துண்டு மட்டும் போனில் வந்திருக்கிறது. “ஒங்க மூஞ்சி அப்படியே இருக்குக்கா” என்று கீரைக்காரி காட்டினாள். அப்போதுதான் எனக்கு வயிறு எரியத் தொடங்கியது. நிஜமாகவே ரவுடியாகியிருந்தால் அழுதிருப்பேன், அதோடு போயிருக்கும்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். “அத்தை, பயணத்தைச் சொல்லுங்க” என்று இழுத்துப் பிடிக்கிறாள். முதலில் பொறாமையைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் நான் எதற்குக் கடல் தாண்டினேன் என்பது யாருக்கும் விளங்காது.

எங்கள் இரண்டு பேரில் சினிமாப் பைத்தியம் நான்தான். என்னைக் கல்யாணம் செய்து கொடுத்த வீட்டாருக்கு இந்தியாப் பாஸ்போர்ட் வந்தது, நான் அவர்களோடு கப்பல் ஏறி நீலகிரிக்கு வந்தேன். அம்மாவும் பவளமும் அங்கேயே நின்றுவிட்டார்கள். இங்கே வந்தும் அதே தேயிலை, அதே மழை. ஒரே வித்தியாசம், இங்கே ஷூட்டிங் வரும். எத்தனை கதாநாயகிகள் எங்கள் செடிகளுக்கு நடுவில் ஆடியிருக்கிறார்கள்! ஒரு தடவை எங்கள் கூட்டத்தையே கூடையோடு பின்னால் நிற்கச் சொன்னார்கள். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தேன். படம் வந்தபோது டவுன் தியேட்டரில் ஊரோடு போய் உட்கார்ந்தேன். கூடை தெரிந்தது. நான் தெரியவில்லை.

தியேட்டர் வாசலையே மிதிக்காத பவளத்துக்குப் படம் முழுக்க முகம்.

ஒரு நாள் அவள் மகள் கலா போன் செய்தாள். பவளத்துக்குத் தொண்டையில் ஆபரேசன் நடந்து, உயிருக்கு ஒன்றுமில்லை என்றாலும் குரல் போய்விட்டது. அதற்கு முன்பே படம் பிடித்து முடித்துவிட்டார்கள். ஆனால் முக்கியமான கட்டத்தில் தகரக் கூரையில் மழை கொட்டியதால் அவள் பேசியது எதுவும் காதில் விழவில்லை. அந்த இடத்தில் யாராவது மறுபடி பேசிச் சேர்க்க வேண்டும். கொழும்பில் ரேடியோவில் பேசுகிற ஓர் அம்மாவைக் கூப்பிடப் போகிறார்களாம்.

“அம்மா சோறு திங்க மாட்டேங்குது பெரியம்மா. வேற பொம்பள கொரல் எம் மூஞ்சியில வரக்கூடாதுன்னு கையால காட்டுது. ஒங்க கொரலும் அதோட கொரலும் ஒண்ணுதானே. பாட்டி உசிரோட இருந்தப்ப அதுக்கே போன்ல வித்தியாசம் தெரியாது.”

“நீ பேசேண்டி.”

“என் கொரலு கோழிக்குஞ்சு மாதிரின்னு டைரக்டர் சொல்லிட்டாரு.”

ஆக, முகம் அவளுக்கு, வாய் மட்டும் எனக்கு. நியாயமா இது? இருந்தாலும் இரண்டாம் நாளே புடவைகளை மடிக்க ஆரம்பித்துவிட்டேன்.

கொழும்பில் இறங்கி ரயில் பிடித்தேன். கண்டிக்கு மேலே மலை ஏறத் தொடங்கியதும் என் நெஞ்சு குளிர்ந்து போனது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் கதவில் தொங்கிக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். நான் பாணும் பருப்பும் தின்றேன். நம் ஊரில் பிரெட் என்றால் காய்ச்சல்காரர் சாப்பாடு. அங்கே பாண் என்றால் மூன்று வேளைக்கும் சாப்பாடு. வட்டவளையில் ரயில் நின்றது, நின்றுகொண்டே இருந்தது. தண்டவாளத்தில் மரம் விழுந்துவிட்டதாம். பக்கத்தில் இருந்த சிங்களத்து அம்மா ஏதோ சொல்லிச் சிரித்தார். ஒரு பையன் தமிழில் சொன்னான்: “மரம் எந்திரிச்சுப் போனாத்தான் நாங்க போவோமாம்.”

பவளத்தின் தோட்டம் அங்கிருந்து பக்கம்தான் என்பதால் இறங்கிவிட்டேன். கொழுந்து ஏற்றப் போகிற லொறி ஒன்று நின்றது. டிரைவரிடம் பவளத்தின் அக்கா என்று சொன்னேன்.

“அட, டான் அம்மாவோட அக்காவா! முன்னுக்கு ஏறுங்க, முன்னுக்கு ஏறுங்க.”

மரியாதை எனக்கில்லை என்று அப்போதே தெரிந்தது. ஆனாலும் முன்னால் ஏறி உட்கார்ந்தேன்.

பவளம் லயத்து வாசலில் நின்றாள். லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். இளைத்திருந்தாள். கழுத்தில் ஒரு துணி சுற்றியிருந்தாள். என்னைக் கட்டிப் பிடித்து அழுதாள், சத்தமே வரவில்லை. எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அவள் தோளுக்கு மேலே சுவரில் ஒரு பெரிய படம் கண்ணில் பட்டது. பவளம் நாற்காலியில் கால் மேல் கால் போட்டு, வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கி, உலகத்தையே விலை கேட்பது மாதிரி பார்க்கிறாள். என் அழுகை நின்றுவிட்டது.

கலா ரொட்டியும், காய்ந்த மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் வைத்தாள். எனக்கு ரொட்டி மட்டும், பவளத்துக்கு முட்டை அடித்துக் கரைத்த பால். நோயாளிக்குத்தான் கொடுக்கிறாள், தெரியும். இருந்தாலும் பார்த்தேன். “டீ கொஞ்சம் ஊத்துடி” என்றேன். “தேத்தண்ணின்னு கேளுங்க பெரியம்மா, அங்க போயி எல்லாத்தையும் மறந்துட்டீங்க” என்றாள். சாப்பிட்டு முடித்து என் சுருக்குப் பையை அவிழ்த்து வெற்றிலை மடித்தேன். பவளம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் அவளுக்கு வெற்றிலையை அடியோடு நிறுத்தச் சொல்லிவிட்டார். நான் போட்டு மென்றதும் சில்வர் டம்ளரை எடுத்துத் தரையில் ஓங்கித் தட்டினாள். குரல் போன பிறகு அதுதான் அவள் திட்டு.

“வெளிய போயி மெல்லுவீங்களாம்” என்று கலா மொழிபெயர்த்தாள்.

மறுநாள் ஹட்டன் டவுனுக்குப் போனோம். பஸ்ஸில் பவளத்துக்கு இடம் கொடுக்க இரண்டு பேர் எழுந்தார்கள். அவளைவிட மூத்தவள் நான், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டவுனில் நிசார் நானாவின் துணிக்கடைக்குப் போனோம். முஸ்லிம் அண்ணனை அங்கே நானா என்பார்கள். அந்தக் கடைக்கு மேல் மாடியில்தான் கல்யாண வீடியோ எடுக்கிற ஸ்டூடியோ இருக்கிறது. அங்கேதான் குரல் பதிவு செய்யப் போகிறார்கள். டைரக்டர் வரும்வரை கடையில் உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தார்கள். அங்கே நடந்த சண்டையை நான் எந்தத் தியேட்டரிலும் பார்த்ததில்லை.

நிசார் நானா படத்தில் பொலிஸ் இன்ஸ்பெக்டர். வாசலில் ஆட்டோ ஓட்டுகிற சுனில், சிங்களத்துப் பிள்ளை, படத்தில் பவளத்தின் கையாள். துணி எடுக்க வந்திருந்த தோட்டத்துக் கோயில் தலைவர் படத்தில் இல்லை. நடிக்கக் கூப்பிட்டும் போகவில்லை.

“எத்தன வருசமா படம் பாக்குறேன்” என்றார் நிசார் நானா. “நம்மாளு வந்தா ஒண்ணு பிரியாணி கிண்டுவாரு, இல்லாட்டி கள்ளக் கடத்தல். இந்த டைரக்டர் மனுசன்தான் எனக்குத் தொப்பி குடுத்தாரு. பொலிஸ் தொப்பி!”

“நானாவுக்குத் தொப்பி. எனக்கு வெடி” என்றான் சுனில். “படம் தொடங்கி கொஞ்ச நேரத்துல என்னைச் சுட்டுட்டாங்க அம்மே. எங்க ஆள் ஒருத்தன் பெரிய டான் ஆனா என்ன?”

“மத்தப் படத்துலயெல்லாம் ஒங்காளுதானே கடைசி வரைக்கும் இருக்கான். ஒரு படத்துல செத்தா கொறஞ்சா போயிருவீங்க?” என்றார் நானா.

எல்லாரும் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டார்.

“ஒங்களுக்குச் சிரிப்பா இருக்கு. எங்க லயத்துல டீச்சர் இருக்கா, நர்ஸ் இருக்கா. அதெல்லாம் படம் எடுக்கத் தெரியாது. கசிப்பு விக்கிற பொம்பளதான் கண்ணுல பட்டாளா? நாளைக்கி கொழும்புக்கு வேலைக்கிப் போற நம்ம பிள்ளைங்களை என்னான்னு நெனப்பாங்க?”

கசிப்பு என்றால் அங்கே கள்ளச்சாராயம். பவளம் டம்ளரைத் தேடினாள், கடையில் கண்ணாடிக் கிளாஸ்தான் இருந்தது. நான்தான் வாயைத் திறந்தேன்.

“நான் பாத்த படத்துலயெல்லாம் தோட்டத்துப் பொம்பள கூடையோட நிப்பா, இல்ல அழுவா. ஒருத்திகூட ஒக்காந்து நான் பாத்ததில்லைங்க.”

“அதுக்குக் கசிப்பு வித்துத்தான் ஒக்காரணுமா அம்மா?”

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் சுவரில் இருந்த அந்தப் படத்தில் பவளம் உட்கார்ந்திருந்த உட்கார்வும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

டைரக்டர் சமன் வந்தார். சின்ன வயது, தாடி, தமிழை எண்ணி எண்ணிப் பேசுவார். என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு நேராக விஷயத்துக்கு வந்தார்.

“அம்மா, எனக்கும் தங்கச்சி ஊர்ப் பேச்சு வேணும். ஆனா நாளைக்குச் சரி வரல்லைன்னா கொழும்பு மிஸ் பேசுவாங்க. அதுக்கு மேல எனக்கு நாள் இல்ல.”

பவளம் என் முழங்கையைப் பிடித்துக் கிள்ளினாள். சின்ன வயதில் அம்மாவிடம் பொய் சொல்லும்போது என்னை ஒத்துப்போகச் சொல்லிக் கிள்ளுவாளே, அதே இடத்தில்.

அடுத்த நாள் நல்ல மழை. ஸ்டூடியோவின் நாலு சுவரிலும் மெத்தை அடித்திருந்தார்கள். ஒரு மூலையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார்ந்து போட்டோ எடுக்கிற சிவப்பு வெல்வெட் நாற்காலி இருந்தது. எனக்கு மர ஸ்டூல் போட்டார்கள். காதில் ஒன்றை மாட்டினார்கள். கலா வசனத்தைக் காதுக்குள் சொல்ல, நான் திரையில் பவளத்தின் வாயைப் பார்த்துப் பேச வேண்டும்.

திரையில் அந்தக் கட்டம் ஓடியது. தோட்டத்துத் துரை பங்களாவின் முன் வராந்தா. பவளம் செருப்போடு ஏறி வருகிறாள். துரையின் நாற்காலியில் உட்காருகிறாள். துரை எதிரே நிற்கிறார். அவள் வெற்றிலையை மென்றுகொண்டே சொல்ல வேண்டியது இதுதான்: “நேத்து வரைக்கும் நாங்க ஒங்க வாசல்ல நின்னோம் தொரை. இன்னைக்கி நீங்க நில்லுங்க. நான் ஒக்காந்து பேசுறேன்.”

சொன்னேன். சமன் தலையைச் சொறிந்தார். “அம்மா, மிச்சம் மரியாதையா இருக்கு.” ரொம்ப என்பதற்கு அங்கே மிச்சம் என்பார்கள்.

மறுபடி சொன்னேன். “இப்ப ஸ்கூல் பிள்ளை பாடம் சொல்ற மாதிரி.”

மறுபடியும். அப்போதுதான் கலா சொன்னாள்: “பெரியம்மா, நீங்க ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சு நிக்கிறீங்க.”

எனக்கே தெரியவில்லை! துரையின் முகம் திரையில் வந்ததும் என் உடம்பு தானாக எழுந்து நின்றிருக்கிறது. உட்கார்ந்து சொல்லிப் பார்த்தேன், குரல் இன்னும் சுருங்கிப் போனது. பவளம் பின்னால், வீட்டில் இருந்து கொண்டு வந்த டம்ளரைத் தட்டித் தட்டி நசுக்கியே விட்டாள். நேரம் போய்க்கொண்டிருந்தது. வெளியே மழை இறுகியது. சமன் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். சிங்களத்தில்தான் பேசினார். அதில் “மிஸ்” என்ற சொல் மட்டும் எனக்கு விளங்கியது. பவளத்துக்கு எல்லாமே விளங்கியது. அவள் முகம் காற்றுப் போன பலூன் மாதிரி ஆகிவிட்டது.

உண்மையைச் சொல்கிறேன். அந்த நொடியில் எனக்குள் ஒரு சின்னக் குளிர்ச்சி இருந்தது. போகட்டும், உனக்கும் கொஞ்சம் கிடைக்காமல் போகட்டும் என்று. அது மூச்சு விடுகிற நேரம்கூட நிற்கவில்லை. ஆனால் இருந்தது.

பவளம் என் கையைப் பிடித்து இழுத்தாள். மாடிப்படிக்குப் பக்கத்தில் குழாய் இருந்தது. அதைக் காட்டினாள், என் வாயைக் காட்டினாள். எனக்குப் புரியவில்லை. அவள் என் தாடையைப் பிடித்துத் திறந்து உள்ளே பார்த்தாள், தலையில் அடித்துக்கொண்டாள். நான் மேலே வருவதற்கு முன் அந்தக் குழாயில் வெற்றிலையைத் துப்பி, நன்றாக வாய் கொப்பளித்துவிட்டு வந்திருந்தேன். பெரிய மனிதர்கள் இருக்கிற இடமாயிற்றே. எங்கள் அம்மா பழக்கியது அது. காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற பெரட்டில் துரை தலை தெரிந்தாலே வெற்றிலையைத் துப்ப வேண்டும். வாயில் வைத்துக்கொண்டு நின்றால் திமிர் என்று அர்த்தம், அன்றைக்குப் பெயர் விழாது, கூலியும் கிடையாது. அந்தத் தோட்டத்தை விட்டு எத்தனையோ காலம் ஆகியும், மாடிப்படி ஏறும்போது என் வாய் தானாகத் துப்பிவிட்டு வந்திருக்கிறது.

பவளம் என் இடுப்பில் இருந்து சுருக்குப் பையை உருவினாள். படியிலேயே உட்கார்ந்து வெற்றிலையைத் துடைத்து, காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, பாக்கும் புகையிலையும் வைத்து மடித்தாள். அந்த விரல்களுக்கு ஒன்றும் மறக்கவில்லை. மடித்ததை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போனாள். கண்ணை மூடினாள். அவள் தின்றுவிடுவாளோ என்று பயந்து “அடியே!” என்றேன். கண்ணைத் திறந்து என்னை முறைத்துவிட்டு, அதை என் வாய்க்குள் திணித்தாள், குழந்தைக்கு மருந்து திணிக்கிற மாதிரி.

உள்ளே கூட்டிப் போய் ஸ்டூலைக் காலால் தள்ளினாள். என்னைக் கொண்டு போய் அந்தச் சிவப்பு வெல்வெட் நாற்காலியில் உட்கார வைத்தாள். என் வலது காலைத் தூக்கி இடது கால் மேல் போட்டாள். மைக்கை அங்கே நகர்த்தச் சொல்லி சமனுக்கு விரலை ஆட்டினாள். சமன் போனைக் கீழே வைத்தார்.

திரையில் துரை வந்தார். என் முழங்கால் எழுந்து நிற்கப் பார்த்தது. பவளம் இரண்டு கையாலும் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினேன். ஒதுக்கியதுமே நாக்கு கனத்தது, சொல் மெதுவாக வந்தது. அவசரப்படாத ஆள் பேசுகிற மாதிரி. “நேத்து வரைக்கும் நாங்க ஒங்க வாசல்ல நின்னோம் தொரை.” சாறு ஊறியது, விழுங்கிக்கொண்டேன், துரை காத்திருந்தார். “இன்னைக்கி நீங்க நில்லுங்க.” திரையில் பவளத்தின் கன்னம் புடைத்த அதே நேரத்தில் என் கன்னமும் புடைத்தது. “நான் ஒக்காந்து பேசுறேன்.”

பிறகு சமன் கொழும்புக்குப் போன் போட்டார். இந்தத் தடவை கலா எனக்குச் சொன்னாள்: “மிஸ் வர வேணாமாம் பெரியம்மா.”

ஞாயிற்றுக்கிழமை சமன் அந்தத் துண்டை மட்டும் கலாவின் போனில் ஏற்றிக் கொடுத்தார். டிவியில் போட்டார்கள். லயமே வந்து அடைந்துகொண்டது. சுனில் ஆட்டோவை நிறுத்திவிட்டு வாசலில் நின்றான். நிசார் நானா மாலுபாண் ஒரு பை நிறையக் கொண்டு வந்தார். உள்ளே மீன் வைத்த பன் அது. நான் நாலு தின்றேன். நம் ஊர் பப்ஸ் எல்லாம் இதன் காலில் விழ வேண்டும்.

வசனம் வந்ததும் கைதட்டல். “அடி ஆத்தி, பவளக்கா என்னா பேச்சு!” ஒருத்தி பவளத்தின் கன்னத்தை வழித்து முத்தம் கொடுத்தாள். இன்னொருத்தி “தொண்ட நல்லாயிருச்சாக்கா?” என்று கேட்டாள். பவளம் இல்லை என்று தலையாட்டலாம் அல்லவா? ஆட்டவில்லை. சும்மா சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கள்ளி. கலாதான் சொன்னாள்: “அது பெரியம்மா பேசுனது.” எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். “அப்படியா?” என்றார்கள். மறுபடி டிவியைப் பார்த்தார்கள். கோத்தகிரித் தியேட்டரில் கூடை மட்டும் தெரிந்தது ஞாபகம் வந்தது.

கடைசி வரிசையில் கோயில் தலைவர் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

“கசிப்பு விக்கிறது எனக்கு இன்னமும் பிடிக்கல்ல” என்றார். பிறகு துண்டால் வாயைத் துடைத்தார். “தொரைய நிக்க வச்ச எடத்தை மட்டும் இன்னொருக்கா போடு பிள்ளை.”

நான் கிளம்புகிற அன்று காலையில் கலா ரயிலுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தாள். பவளம் என்னைக் கட்டில் ஓரமாக உட்கார வைத்தாள். போனில் அந்தத் துண்டைப் போட்டாள். தன் முகம் பேசுவதைப் பார்த்துக்கொண்டே சத்தமில்லாமல் வாயை அசைத்தாள். பிறகு போனை அணைத்துவிட்டு, கையை என் தொண்டை மேல் வைத்தாள். பேசு என்று கண்ணால் காட்டினாள்.

அவள் பார்வையைப் பார்த்தேன். அதை எனக்கு நன்றாகத் தெரியும். சுவரில் மாட்டிய படத்தை, முட்டை அடித்த பாலை, பஸ்ஸில் எழுந்து கொடுத்த இடத்தை, வந்த நாளில் இருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேனே, அதே பார்வை. என் வாயில் இருந்த வெற்றிலையையும், வெற்றிலைக்குப் பின்னால் இருந்த குரலையும் அவள் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏன் மறைக்க வேண்டும்? கடல் தாண்டி வந்ததற்கு என் தங்கச்சி என்னைப் பார்த்து ஒரு தடவை வயிறு எரிந்துவிட்டாள். காலைத் தூக்கிக் கால் மேல் போட்டேன். அவள் விரல்களுக்குக் கீழே என் தொண்டை அதிர, அவள் போதும் என்று கையை எடுக்கிறவரை, அந்த வசனத்தையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் எடுக்கவே இல்லை. ரயில் போய்விட்டது.